மூன்றுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கி

வெர்மிலியன், லூயிசியானா
நவம்பர் 2, 1975

அன்புள்ள ஓவிட் அண்ணனுக்கு,

லுசியன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அலாஸ்காப் பனியில் உன் காதும் மூக்கும் இருக்கிற இடத்தில் இருக்கின்றனவா என்று எழுது. உன் தம்பி மனைவி வெர்லி நீ விட்டுப்போன கம்பளிக் காலுறையைத் துவைத்து வைத்திருக்கிறாள்.

அப்பாவின் துப்பாக்கியை நீ பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனாயே, நேற்றுதான் தகர டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். தோளில் வைக்கும் கட்டையை ஒரு விரல் அகலம் அறுத்து ரப்பர் வைத்தது என் குட்டைக் கைக்கு நன்றாக இருக்கிறது. இத்தனை வருஷமாக அப்பாவின் நீளக் கைக்கு அளவெடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இரண்டு குறைகள். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழாமல் வாயிலேயே சிக்கிக்கொள்கிறது. அப்புறம், கடைசித் தோட்டா தீர்ந்ததும், தோட்டா அறையை மூடுகிற போல்ட் பின்னால் போய்த் திறந்தபடி நிற்க வேண்டுமே, அது நிற்கவில்லை. மூடிக்கொள்கிறது. காலியா இல்லையா என்று பார்த்தால் தெரியவில்லை.

இன்னொன்று. அக்டோபரில் நீ முயலுக்குப் போனபோது மூன்றுக்கு மேல் தோட்டா போகாமல் தடுக்கக் குழாய்க்குள் இருக்கும் குச்சியை எடுத்துவிட்டு ஐந்து தோட்டாவும் போட்டுச் சுட்டாயே, அதைத் திரும்ப வைத்தாயா? வாத்துப் பருவம் இந்த வாரம் தொடங்குகிறது. புதிதாக வந்திருக்கும் வேட்டைக் காவலர் ஒவ்வொருவர் துப்பாக்கியையும் வாங்கித் தன் கையால் தோட்டாவைத் திணித்துப் பார்க்கிறாராம். மூன்றுக்கு மேல் ஒன்று போனாலும் துப்பாக்கி அவருடையது. எனக்கும் குச்சி இருந்தால்தான் நிம்மதி. உள்ளே போவதை அது எண்ணிக்கொள்ளும், வெளியே வருவதை நான் எண்ணிக்கொள்வேன்.

நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் இந்த ஆண்டு முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சாயங்காலம் தலையை எண்ணி எண்ணி, கோழிக் கூட்டிலும் எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்று வெர்லி சிரிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி லுசியன்


எண்ணெய்க் குழாய்ப் பாதை முகாம், அலாஸ்கா
நவம்பர் 14, 1975

அன்புள்ள லுசியனுக்கு,

காது, மூக்கு இரண்டும் இருக்கின்றன. மற்றபடி பகல் என்பது இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. வெர்லியை நான் விசாரித்ததாகச் சொல்.

துப்பாக்கியில் குறை ஒன்றும் இல்லை, உன்னிடம்தான். குழாயின் மேல் ஸ்பிரிங்குக்கு முன்னால் ஒரு வெண்கல வளையம் இருக்கிறதல்லவா? லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி அதை மாற்றிப் போட வேண்டும். முயலெல்லாம் முடிந்த பிறகு, உனக்காகக் கனத்துக்கு மாற்றி வைத்துவிட்டு வந்தேன். நீ மலிவுத் தோட்டாவை வாங்கி டப்பாவைச் சுட்டால் சிக்காமல் என்ன செய்யும்? வாத்துத் தோட்டாவைப் போடு, ஒழுங்காகத் துப்பும். எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு விட்டுக் குழாயைத் துடை, போதும். குளிப்பாட்டிவிடாதே.

போல்ட்டைத் திறந்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துபோயிருந்தது, கழற்றிவிட்டேன். புதியது கேட்டு எழுதியிருக்கிறேன், கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் வரும். அதுவரை போல்ட்டைப் பார்க்காதே, சுட்டதை எண்ணிக்கொள். முப்பத்தெட்டு எண்ணுகிறவனுக்கு மூன்று பெரிய காரியமா?

குச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வெல்டிங் வேலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? கழற்றியதை எல்லாம் மாட்டாமல் நான் எந்த இடத்தையும் விட்டு எழுந்ததில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

குளிரில் நனையாதே. உன் வேட்டைத் துணை யூலிஸுக்கு என் அன்பு.
ஓவிட்


வெர்மிலியன்
டிசம்பர் 4, 1975

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சௌக்கியம். வெர்லிக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. உனக்கு எப்படி என்று நீயாக எழுத மாட்டாய், அதனால் கேட்கிறேன்.

நீ சொன்னது சரி. கனமான தோட்டாவைப் போட்டதும் துப்பாக்கி மந்திரம் போட்டது போல் வேலை செய்கிறது. சனி, ஞாயிறு நானும் யூலிஸும் விடியும் முன்பே சதுப்புக்குப் போய்விடுகிறோம். பெரியம்மா மகன் என்றுதான் பெயர், அவனுக்கு நீயும் நானும் சேர்ந்து அடித்தாலும் உறைக்காது. துடுப்புக்கோலைப் போட்டுத் தோணியைத் தள்ளிக்கொண்டே முந்தின ராத்திரி எவளோடு எத்தனை சுற்று நடனம் ஆடினான் என்று சொல்லிக்கொண்டு வருவான். வாத்தெல்லாம் அவன் கதையைக் கேட்கத்தான் கீழே இறங்குகிறது என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு ஒரு கூத்து. வேட்டை முடிந்து, துப்பாக்கி காலி என்று எண்ணி, இருந்தாலும் வழக்கப்படி போல்ட்டை இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா குதித்து விழுந்தது! யூலிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏண்டா, மூணு எண்ணத் தெரியாதவன்கிட்டயா ஊர்ப் பிள்ளைங்கள நம்பி அனுப்பறாங்க?" என்றான். நான் எப்படித் தப்பாக எண்ணினேன் என்று இன்னும் புரியவில்லை. காலையில் மூன்று போட்டேன். இடையில் சுட்டது போக, அவன் நீட்டுகிற இரண்டை வாங்கி அழுத்துவேன், குழாய் கொண்டது போக மீதி சட்டைப்பைக்கு வந்துவிடும். எப்போதும் செய்வதுதான். வயதாகிறது போலிருக்கிறது.

கொக்கி வந்ததும் அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு உன் பெயரிலும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறோம்.
லுசியன்


வெர்மிலியன்
டிசம்பர் 27, 1975

அன்புள்ள அத்தானுக்கு,

வெர்லி எழுதிக்கொள்வது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலமில்லை.

இருபதாம் தேதி காலை சதுப்பில் விபத்து நடந்துவிட்டது. யூலிஸுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. உயிர் இருக்கிறது. நான்கு நாள் அதுவும் நிச்சயமில்லாமல் இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

மூன்று முறை சுட்டாராம் இவர். அடிபட்ட வாத்து ஒன்று கோரைக்குள் விழுந்திருக்கிறது. அதைத் தேட யூலிஸ் முன்னால் தோணியில் ஏறி நின்றிருக்கிறார். காலியான துப்பாக்கிதானே என்று இவர் அதைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு ஏறும்போது, தோட்டாப் பையின் வார் விசையில் மாட்டி வெடித்துவிட்டது. இவர்தான் தன் இடுப்புவாரைக் கட்டி, தோணியைத் தள்ளி, சாலை வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

போலீஸ் வந்து பார்த்தார்கள். துப்பாக்கியில் வேறு தோட்டா இல்லை. விபத்து என்று எழுதி, இரண்டாம் நாள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து இவர் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொல்கிறார். "மூணுதான் சுட்டேன் வெர்லி. எண்ணினேன். நீ நம்பறியா? மூணு எண்ணினேன்."

நம்புகிறேன் என்றுதான் சொல்கிறேன். வேறு என்ன சொல்வது அத்தான்? நீங்கள் அவருக்கு எழுதுங்கள். உங்கள் பேச்சைத்தான் கேட்பார்.
வெர்லி


அலாஸ்கா முகாம்
ஜனவரி 19, 1976

அன்புள்ள லுசியனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா? யூலிஸுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

வெர்லியின் கடிதம் இரண்டாம் தேதியே வந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது. இங்கே வேலையும் அதிகம். இரும்பு, குளிரில் கண்ணாடி போல் உடைகிறது, பற்றவைக்கும் முன் ஒவ்வொரு குழாயையும் சூடாக்க வேண்டும்.

நடந்தது நடந்துவிட்டது. நீ அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாய், அதனால் உயிரோடு இருக்கிறான், அதை மட்டும் நினை. துப்பாக்கியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டு. திறக்காதே, கழற்றாதே, யாரையும் தொட விடாதே. ஜூனில் விடுப்பில் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன். இப்போதிருக்கும் மனநிலையில் நீ அதைக் கையில் எடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு.
ஓவிட்


வெர்மிலியன்
பிப்ரவரி 6, 1976

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. யூலிஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை விறகு வெட்டிப் போட்டுவிட்டு வருகிறேன். உள்ளே போவதில்லை.

நீ சொன்னபடி துப்பாக்கியைப் பூட்டிவிட்டேன். ஆனால் அந்த இயந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்தவன் நீ. அதனால் கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கிற தட்டில் ஒன்று ஒளிந்துகொள்ள முடியுமா? புது ஸ்பிரிங் போட்டாயே, அதனால் குழாயில் இடம் கூடியிருக்குமா? எந்த வழியிலாவது, மூன்று கொள்ளும் துப்பாக்கியில் நான்காவது ஒன்று இருந்திருக்க முடியுமா?

அன்றைக்கு ஒன்று சுட்டேன். யூலிஸ் நீட்டிய இரண்டை வாங்கி அழுத்தினேன். அதற்குள் வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வந்துவிட்டது. இரண்டாவதைப் பைக்குள் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை, ஆனால் அது உள்ளே போயிருக்க முடியாது, குச்சி விடாது. அப்புறம் மூன்று சுட்டேன். சுட்டேன் என்று நினைக்கிறேன். உன் நவம்பர்க் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நான் இரண்டுதான் சுட்டிருக்கிறேன். இரண்டை மூன்று என்று எண்ணி, அவன் காலை எடுத்துவிட்டேன்.

பேருந்தில் இப்போது மூன்று முறை எண்ணுகிறேன். எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறேன். "டிரைவர் மாமா, நாங்க என்ன பூனைக்குட்டியா, ஒளிஞ்சுக்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

பதில் எழுது அண்ணா.
லுசியன்


அலாஸ்கா முகாம்
மார்ச் 12, 1976

அன்புள்ள லுசியனுக்கு,

வெயில் கொஞ்சம் தலைகாட்டுகிறது. உனக்கு உடம்பு தேவலை என்று நம்புகிறேன்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய துப்பாக்கி, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தட்டில் தோட்டா ஒளியாது. ஸ்பிரிங் அளவு சரியானதுதான். குளிரில் விரல் மரத்துப்போகும், வாத்து தலைக்கு மேல் வரும், அந்த அவசரத்தில் யாருக்கும் எண்ணிக்கை தவறலாம். எனக்கும் தவறியிருக்கிறது. மனிதன்தானே. இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்காதே.

இங்கே ஒரு பையன் பனிக்கட்டியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டான். சாப்பாடு பரவாயில்லை.
ஓவிட்


வெர்மிலியன்
ஏப்ரல் 2, 1976

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரித்து எழுத வேண்டியது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். போன வியாழன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவர், காபியைக் கூடத் தொடாமல் திரும்பக் கிளம்பினார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டி, "உங்க பிள்ளை வந்தாச்சா? கொஞ்சம் கூப்பிடுங்க, கண்ணால பாக்கணும்" என்று கேட்டிருக்கிறார். தாய்மார்கள் பயந்துவிட்டார்கள். மறுநாள் காலை தானாகவே போய்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு எண்ணத் தெரியல. வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு கொல்லைப்புறப் படிக்கட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

உங்கள் மார்ச் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார். "அண்ணனே சொல்லிட்டான் பாத்தியா, எண்ணிக்கைதான் தப்பு" என்றார். அத்தான், நான் துப்பாக்கி பிடித்தவள் இல்லை, கடிதம் படிக்கத் தெரிந்தவள். நான்காவது இருக்க முடியுமா என்று அவர் கேட்டார். நீங்கள் தட்டைச் சொன்னீர்கள், ஸ்பிரிங்கைச் சொன்னீர்கள். குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. துப்பாக்கியை எடுத்துக் கொண்டுபோய்க் கடையில் திறந்து பார்க்கச் சொல்லலாம் என்று அலமாரிச் சாவியைக் கேட்டேன். "அண்ணன் தொடாதன்னு சொல்லியிருக்கான்" என்று தர மறுத்துவிட்டார்.

ஆமா, இல்லை என்று நேராக ஒரு பதில் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவருக்கு.
வெர்லி


அலாஸ்கா முகாம்
ஏப்ரல் 15, 1976

லுசியன்,

குச்சி அந்தத் துப்பாக்கியில் இல்லை. நான் வைக்கவில்லை.

முயல் வேட்டைக்கு எடுத்ததை மேல்கோட்டுப் பையில் போட்டேன். வளையத்தை மாற்ற ஞாபகம் இருந்தது, இது மறந்துவிட்டது. எல்லாம் அதனதன் இடத்தில் என்று உனக்கு எழுதியபோது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாள் கழித்துக் கையுறை தேடிப் பைக்குள் கைவிட்டேன், குச்சி கையில் வந்தது. உடனே ஒரு அட்டை எழுதினேன். எழுதிவிட்டு, முந்தின கடிதத்தில் அடித்த பெருமையை நினைத்து, கிழித்துப் போட்டேன். தோட்டா போடும்போது அவனே கண்டுபிடிப்பான், மிஞ்சிப்போனால் காவலரிடம் ஒரு திட்டு வாங்குவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. டிசம்பரில் உன் கடிதம் வந்தது. காலி என்று நினைத்த துப்பாக்கியிலிருந்து தோட்டா குதித்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று பதினாறாம் தேதி. யூலிஸுக்கு இரண்டு காலும் இருந்தன. முகாமில் ஒரு தொலைபேசி உண்டு. வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். சாப்பாட்டு மணி அடித்தது, நாளைக்குப் பேசலாம் என்று விலகிப் போனேன். மறுநாளும் பேசவில்லை. குறை சொல்வதற்குக் குளிரும் இல்லை, வேலையும் இல்லை. என் தப்பு என்று உன்னிடம் ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டேன், அவ்வளவுதான்.

வெர்லியின் கடிதம் வந்த அன்று குச்சியை அடுப்பில் போட்டு எரித்தேன். துப்பாக்கியைத் திறக்காதே என்று உன்னிடம் சொன்னது, ஜூனில் வந்து புதிதாக ஒன்று செதுக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றுதான். மார்ச்சில் உன்னையே குற்றவாளியாக்கி எழுதினேன். அதை எழுதிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ மூன்றுதான் சுட்டாய். சரியாகத்தான் எண்ணினாய். என் பேச்சை இனி நம்ப வேண்டாம். துப்பாக்கியைத் திறந்து நீயே பார்.
ஓவிட்


வெர்மிலியன்
மே 4, 1976

ஓவிட்,

உன் கடிதம் வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். முதலில் நம்பவில்லை. வெர்லி உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். நான் படியில் உட்கார்ந்திருப்பதைக் கேட்டு, என்னைத் தேற்றப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறாய் என்று நினைத்தேன். நீ அப்படிப்பட்ட அண்ணன் என்றுதான் அன்று மத்தியானம் வரை நினைத்திருந்தேன்.

பிறகு அலமாரியைத் திறந்தேன். வெர்லி கூடவே வந்தாள். வரப்புக்குப் போய், குழலை மண்ணைப் பார்த்துத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, குழாய்க்குள் தோட்டாவை அழுத்தினேன். ஒன்று. இரண்டு. குச்சி இருந்தால் குழாய்க்கு இரண்டு, தோட்டா அறைக்கு ஒன்று என்பதுதான் மூன்று, குழாயில் அதற்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது, கொஞ்சமும் தடையில்லாமல் போனது. நான்காவதும் போனது.

சந்தோஷப்பட்டேன் ஓவிட். மறைக்க விரும்பவில்லை. என் தலை சரியாகத்தான் இருக்கிறது என்று வரப்பில் நின்று சத்தம் போட்டு அழுதேன். வெர்லியும் அழுதாள். அப்புறம் யூலிஸின் கால் ஞாபகத்துக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கோபம். மறந்துபோனதற்கு இல்லை, மறதி எனக்கும் உண்டு. குச்சி உன் பையில் இருந்த மாதத்தில் யூலிஸ் ஏழு முறை என்னோடு தோணியில் வந்தான். அதன் பிறகு நாலு மாதம், நான் கேட்கக் கேட்க, என் புத்தி கெட்டுவிட்டது என்று என்னையே நம்ப வைத்தாய். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. போல்ட்டை இழுத்துப் பார்க்காமல், குழலை அவன் பக்கம் வைத்துக்கொண்டு தோணியில் ஏறியது என் கை. அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. அது என்னுடையது.

நேற்று யூலிஸ் வீட்டுக்குப் போனேன். இந்த முறை உள்ளே போனேன். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனே காபி போட்டான். பாதி தரையில் சிந்தியது. உதவிக்கு எழுந்தால் திட்டுகிறான். "ஒருவழியா உள்ளே வந்தியே! விறகை வாசல்ல போட்டுட்டு ஓடறவன, கடன்காரனோன்னு பக்கத்து வீட்டுக்காரி கேக்கறா" என்றான். ஜனவரியிலிருந்து நீ அவனுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துக் காட்டினான். மூன்று. எல்லாவற்றையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். "உங்க அண்ணன் மாதிரி யாரும் எழுதலடா. இந்தக் குடும்பத்துல நேர்மையான ஆளு அவன் ஒருத்தன்தான்" என்றான்.

குச்சியைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். வெர்லியும் சொல்ல மாட்டாள். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. ஜூனில் வரும்போது பேருந்து நிலையத்திலிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போ. அவன் போட்டுக் கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, எனக்கு எழுதியதை எல்லாம் சொல். தொலைபேசி வரிசையையும் சேர்த்து. அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொள். அங்கே போன பிறகு இங்கே வரலாம். போகாமல் வராதே.

பள்ளிக்கூடத்தில் சாவியைத் திரும்பக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் ஒரே முறைதான் எண்ணினேன்.

உன் உடல்நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. முயன்று பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

லுசியன்